அறுந்தும் பேசிய கேபிள்

"இதில் செம்பு இல்லை. வெறும் கண்ணாடி இழை. வெட்டாதீர்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய தகரப் பலகையைத் தூக்கிக்கொண்டு, வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலைக் காட்டுப் பாலத்துக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். செம்பு என்று நினைத்துத் திருடர்கள் எங்கள் ஃபைபர் கேபிளை வெட்டுவார்கள். அவர்களுக்குச் சல்லிக்காசு தேறாது. மலை முழுக்கப் போன் செத்துவிடும். படித்துத் திருந்துகிற திருடனுக்காகத்தான் இந்தப் பலகை.

மூடுபனி இறங்கியிருந்தது. பாலத்தடியில் கேபிள் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு முனைக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி.

ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"மாரீஸ்வரன் அண்ணா, இங்கே அலாரம் ஒண்ணும் அடிக்கலை கேட்டோ. லைன் எல்லாம் ஓடுது," என்றான் ஜின்சன், மலையாளம் கலந்த தமிழில். "கேபிள் அறுந்திருந்தா நீங்க என்கிட்ட எப்படிப் பேசுவீங்க?"

என் போனுக்கு டவரும் அந்தக் கேபிளை நம்பித்தான் இருந்தது.



போன வருஷமும் இதே பாலத்தில் வெட்டினார்கள். வழியில் டீ குடித்து, கதை பேசி, ஒரு மணி நேரம் தாமதமாக வந்து ஒட்டினேன். அதற்குள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் என் மனைவி சிவசங்கரி நெஞ்சுவலியில் போய்விட்டாள். அவள் போனில் பதினோரு முறை என் நம்பர் இருந்தது. ஒன்றுகூட எனக்கு வரவில்லை. என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போனைக் காதில் வைத்தபடியே குனிந்து, ஒரு முனையை இழுத்தேன்.

வரவில்லை.

யாரோ பிடித்திருந்தார்கள்.

பச்சைத் தேயிலை வாடை அடித்தது. பனிக்குள் இரண்டு கைகள் தெரிந்தன. கொழுந்து எடுத்துக் கறுத்த விரல்கள். கைக்கு ஒரு முனையாக இறுக்கிப் பிடித்திருந்தன.

"விடு, சங்கரி. நான் ஒட்டிடுறேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "ஒரு புள்ள பேசிட்டிருக்கா."

பொறுத்தேன். அழுதுகொண்டே பொறுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தபோது, இரண்டு முனையும் சேற்றில் விழுந்தன. காதில் ஜின்சனின் குரல் பாதியில் நின்றது.

இழை இழையாக ஒட்டி முடிக்க இருட்டிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்து லயத்து சிஞ்சுவைப் பார்த்தேன். முந்தின நாள் மூன்று மணிக்குப் பிரசவ வலி கண்டு, தனியாக இருந்தவள், தானே ஆம்புலன்சுக்குப் போன் போட்டுப் பிழைத்திருக்கிறாள். மடியில் குழந்தை தூங்கியது.

"அண்ணே, நான் பேசும்போது நடுவுல ஒரு அக்கா குரல் கேட்டுச்சு. 'சீக்கிரம் சொல்லு தாயி, கை வலிக்குது'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. யாருண்ணே அது?"

குழந்தையின் விரலைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வெட்டிவிட்டார்கள். ஆபீசில் அலாரம் அடிக்கவே இல்லை. அதனால் தினமும் விடிந்ததும் பாலத்துக்கு நானே ஓடுகிறேன்.

அவளுக்குக் கை வலிக்கும்.