இங்கிலீஷ் வகுப்புக் குட்டு

வெள்ளைக்காரர் காலத்தில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது தப்பாகப் பதில் சொன்னால், சரியாகச் சொன்னவள் வந்து அவள் தலையில் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால் செல்லாது. சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும்.

பேராச்சிக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். இங்கிலீஷில் அவள் புலி. அவள் குட்டினால் தலை கிர்ரென்று சுற்றும். அதில் பாதிக் குட்டு, பக்கத்தில் உட்காரும் தோழி மெஹர் பானுவுக்குத்தான் விழுந்தது, பாவம்.

சாரல் பெய்த ஒரு திங்கட்கிழமை, தில்லைநாயகம் சார் மெஹர் பானுவை எழுப்பி, நேற்று எங்கே போனாய் என்று இங்கிலீஷில் கேட்டார். அவள் வாப்பாவோடு மாட்டு வண்டியில் அருவிக்குப் போயிருந்தாள்.

“ஐ கோ இன் குற்றாலம்” என்றாள்.

‘வென்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘கோ’. ‘டு’ வர வேண்டிய இடத்தில் ‘இன்’. இரண்டு தப்புக்கு இரண்டு குட்டு. பேராச்சி ணங் ணங்கென்று வைத்தாள்.

சாயங்காலம் வாசலில் மெஹர் பானு கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நாளையிலேர்ந்து நான் வரல. வாப்பாவும் முன்னமே சரின்னுட்டாவ.”

பேராச்சிக்குப் பகீரென்றது. அவள் கையைப் பிடித்து நிறுத்தி, சார் கேட்ட அதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டாள்.

“ஐ வென்ட் டு குற்றாலம்” என்றாள் மெஹர் பானு, மூக்கை உறிஞ்சியபடி.

“ஏட்டி, இங்கன மட்டும் எப்படி வருது?”

“அங்கன எல்லாரும் கையை முறுக்கிட்டு என் தலையையே பாக்குதீய. நாக்கு எழும்ப மாட்டேங்குது.”

பேராச்சி தன் கையைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. நாளை ஒரு நாள் மட்டும் வா என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள்.

மறுநாள் முதல் ஆளாக வந்து, வகுப்பில் நுழைந்த ஒவ்வொருத்தியிடமும் பேராச்சி ரகசியம் பேசினாள். குருவம்மாள் மட்டும் முரண்டு பிடித்தாள். அவளுக்கு ஒரு மங்குஸ்தான் பழம் கொடுக்க வேண்டியிருந்தது.

சார் மெஹர் பானுவை எழுப்பினார். அவள் பயத்தோடு சுற்றிப் பார்த்தாள். ஒரு கையையும் காணோம். எல்லாரும் தங்கள் கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மூன்று கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னாள்.

நான்காவது கேள்வி பேராச்சிக்கு. தோழியையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தவள், ‘கேம்’ என்பதற்குப் பதில் ‘கம்’ என்று உளறிவிட்டாள். சார் அதே கேள்வியை மெஹர் பானுவிடம் கேட்டார். அவள் சரியாகச் சொன்னாள்.

“அப்புறம் என்ன? வை ஒரு குட்டு” என்றார்.

பேராச்சி தலையைக் குனிந்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள். குட்டு விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

மெஹர் பானு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு கைகளின் மேலும்.

“கையை எடுக்க முடியல, சார். நான் அதுமேல உட்காந்திருக்கேன்.”

வகுப்பே சிரித்தது. சாரும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மீசைக்குள் சிரித்தபடி அடுத்த கேள்விக்குப் போனார்.