ஸ்பானிஷில் ஒரு நவநாள்

இரண்டாம் நாள் காலையில்தான் எமில்டா அதைக் கவனித்தாள். போன் திரையில் தெரிந்த ஏழு பேரும் பெண்கள். அவள் ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் மரியா வாழ்த்துச் செபத்தின் முதல் பாதியை "தியோஸ் தே சால்வே, மரியா" என்று எழுத்துக்கூட்டிச் சொல்லி முடித்ததும், ஏழு பேரும் "சாந்தா மரியா" என்று இரண்டாம் பாதியைச் சேர்ந்து சொன்னார்கள். அந்தக் குரல்களுக்கு அடியில், அரை மூச்சு பிந்தி, ஓர் ஆண் குரலும் சொன்னது.

காலை ஆறு மணி. கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. உப்பளத்துக்குப் போகிற லாரி ஒன்று தெருமுனையில் திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டில் பழைய மீன்குழம்பைச் சுடவைக்கிற வாடை ஜன்னல் வழியாகத் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பெருவில் அப்போது முந்தின நாள் ராத்திரி ஏழரை. அந்த வீட்டு ஆம்பளை எவனாவது அடுப்படியில் நின்று சொல்லியிருப்பான் என்று நினைத்து, அவள் அடுத்த மணியை உருட்டினாள்.

அவளுடைய கணவன் ரோச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்காரன். பதினோரு மாதத்துக்கு முன்னால் பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் ஒரு விடியற்காலையில் அவன் கப்பலில் இல்லை. அவ்வளவுதான் தெரியும். பதினெட்டு வருஷம் கப்பலில் வெந்தவனைப் பற்றிக் கம்பெனி மூன்று வரி எழுதிவிட்டுக் கையை விரித்துவிட்டது. ஊர் அதைவிட மோசம். "ஆத்தும பூசை எப்ப வைக்கப் போற?" என்று கேட்காத வாய் கிடையாது. உடம்பு வராமல் பூசை எதற்கு என்று எமில்டா எல்லோரிடமும் சண்டை போட்டாள். பூசை வைத்தால் அவன் செத்துப்போனதை அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் உயிரோடு இருக்கிறான். அந்தக் கரையில் எங்கேயோ இருக்கிறான். விசாரிக்க ஆள் இல்லை, விசாரிக்க பாஷையும் இல்லை.

அதனால்தான் நர்சரி டீச்சர் எமில்டா நாற்பத்து மூன்று வயதில் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தாள். போன் செயலி ஐந்து மாதமாக அவளுக்குப் பூனை பால் குடிக்கிறது, பையன் ஆப்பிள் தின்கிறான் என்று சொல்லிக்கொடுத்தது. புருஷனைத் தொலைத்தவளுக்குப் பூனை பால் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன? எரிச்சலில் அதை மூடிவிட்டு, பாஷை மாற்றிக்கொள்ளும் ஒரு தளத்தில் ஆள் தேடினாள். மார்த்தா கிடைத்தாள். பெருவில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் தையல்காரி. இவள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவள் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பாள். முதல் நாளே எமில்டா தனக்குத் தெரிந்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். என் கணவர். கடல். இல்லை.

மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள், அரைகுறை இங்கிலீஷில், ரோச்சின் படம் ஒன்று அனுப்பு, என் வீட்டில் பக்கத்துப் பெண்கள் கூடி ஒன்பது நாள் ஜெபமாலை சொல்லப்போகிறோம், முதல் பாதியை நீயே சொல்லு, உனக்கும் பழக்கமாகும் என்று எழுதினாள்.

ஒன்பது நாள்! எமில்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நவநாளிலேயே வளர்ந்தவள் அவள். பிள்ளை வேண்டும் என்றால் நவநாள், வேலை வேண்டும் என்றால் நவநாள், காணாமல்போன சாவிக்குக்கூட அந்தோணியாருக்கு நவநாள். முகம் தெரியாத பெண்கள் அவளுடைய புருஷனைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்கப்போகிறார்கள். கல்யாணப் படத்தில் இருந்து அவனை மட்டும் வெட்டி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அந்த ஆண் குரல் கொஞ்சம் துலங்கியது. ஸ்பானிஷ் இல்லை. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

ஜெபமாலை அவள் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. இப்போதெல்லாம் யாரும் சொல்லாத பழைய செபம் அது. ரோச் வீட்டில் மட்டும் விடாமல் அதைச் சொன்னார்கள். குரலும் அவனுடையதுதான், சளி கட்டிய மாதிரி கரகரத்திருந்தாலும்.

முடிந்ததும் மார்த்தாவிடம் கேட்டாள். "ஓம்ப்ரே? ஆண்? உங்க வீட்டுல?"

மார்த்தா குழம்பினாள். தலையை ஆட்டினாள். ஆண் யாரும் இல்லை. போனை எடுத்துப் பெண்களுக்குப் பின்னால் இருந்ததைக் காட்டினாள். சுவர், தையல் மிஷின், ஒரு நீலக் கதவு. யாரும் இல்லை.

ரோச்சின் தங்கை டெல்பின் அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணன் போனதிலிருந்து துணைக்கு வந்து இருப்பவள். எமில்டா அவளை இழுத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஏளா, நாளைக்கு கேளு. உங்க அண்ணன் குரலு."

நாலாம் நாள் டெல்பின் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல்ல மதினி. பொம்பளைய சத்தம்தான் கேக்குது," என்றாள். பிறகு எமில்டாவின் கையைப் பிடித்து, "சரியாத் தூங்குதியளா நீங்க?" என்றாள்.

எமில்டா கையை உதறினாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறாள், நினைத்துவிட்டுப் போகட்டும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

ஐந்தாம் நாள் சோதித்துப் பார்த்தாள். போனின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். திரையில் ஏழு வாய்கள் சத்தமில்லாமல் அசைந்தன. ஆண் குரல் நிற்கவில்லை. அது போனிலிருந்து வரவில்லை. துணி காயப்போடுகிற பின்முற்றத்துப் பக்கமிருந்து, சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கதவிடுக்கு வழியாக டீசலும் நனைந்த கயிறும் கலந்த வாடை வந்து, மீன்குழம்பு வாடையை ஒன்றுமில்லாமல் ஆக்கியது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். முற்றத்தில் வெயில். கொடியில் டெல்பினின் நைட்டி. சிமெண்ட் தரையில் ஒரு இடம் மட்டும் ஈரம்.

"என்னங்க, எங்க இருக்கிய?" என்றாள். "ஒரு வார்த்த சொல்லுங்க. ஊர் பேரையாவது சொல்லுங்க."

பத்து நிமிஷம் நின்றாள். திட்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் ஏதோ தோன்றி, "தியோஸ் தே சால்வே, மரியா" என்றாள்.

"அர்ச்சிஷ்ட மரியாயே," என்றது குரல், உடனே. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..."

அவ்வளவுதான் அதற்குத் தெரிந்திருந்தது. பாதி செபம். அவள் உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டாள். அன்றைக்கே நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் தொடங்கிய நவநாளை நடுவில் விட்டால் கேட்டது கிடைக்காது. இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆறாம் நாள் சொன்னாள். ஏழாம் நாள் குரல் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தது. எட்டாம் நாள் அவள் நாற்காலிக்குப் பின்னால். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் டெல்பின் போனைக் கையில் பிடித்தபடி கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"மதினி! அண்ணன் இருக்காவ! உயிரோட இருக்காவ!"

கப்பல் ஏஜென்ட் ஆபீசிலிருந்து பேசினார்களாம். மார்த்தாவின் ஊருக்கு வெகு வடக்கே, ஒரு ஆஸ்பத்திரியில். மீன்பிடிப் படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார்கள். பேர் தெரியாத ஆளாகப் பதினோரு மாதம் படுத்திருந்தவன், பத்து நாளைக்கு முன்னால் திடீரென்று கண் விழித்துத் தூத்துக்குடி என்று சொல்லியிருக்கிறான். அதை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். படமும் வந்திருந்தது. தாடியும் எலும்புமாக ரோச்.

எமில்டா தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். பதினோரு மாதத்து அழுகை. நவநாள் பலித்துவிட்டது, பூசை வை, பூசை வை என்றவர்கள் முகத்தில் கரி!

"ஆனா மதினி," என்றாள் டெல்பின் தயங்கி. "ஒரு வாரமா ரொம்ப முடியல்லயாம். நல்லா பேசிக்கிட்டு இருந்தவுக திடீர்னு படுத்துட்டாவளாம். அங்க ராத்திரி ஏழரை ஆனா வாய் மட்டும் அசையுதாம், செபம் சொல்லுத மாதிரி."

சந்தோஷத்தில் எமில்டாவுக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

ஒன்பதாம் நாள் காலை தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். டெல்பினும் பக்கத்தில். அழைப்பு வந்ததும் கத்தினாள். "விவே! மார்த்தா, மி மரீதோ விவே!" என் கணவர் வாழ்கிறார்.

மார்த்தா அழுதாள். ஏழு பேரும் அழுதார்கள். ஒருத்தி நெஞ்சில் கை வைத்து வானத்தைக் காட்டினாள். "சீ, விவே என் தியோஸ்," என்றாள் மார்த்தா. ஆமாம், கடவுளிடத்தில் வாழ்கிறார். எமில்டா சிரித்தபடி தலையாட்டினாள். ஆமாம், எல்லாம் கடவுள் செயல்தானே!

இத்தனை நாள் பெண்களைப் பார்த்து நின்ற போனை மார்த்தா இன்று எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு மேசை தெரிந்தது. கருப்புத் துணி. தரையில் வெள்ளைப் பூவால் ஒரு சிலுவை. நடுவில் கல்யாணக் கோட்டு போட்ட ரோச். சுற்றி ஆறு மெழுகுவர்த்தி.

டெல்பினின் விரல்கள் அவள் தோளில் இறங்கின.

"மதினி. இது நவநாள் இல்ல. இது துட்டி வீட்டு செபம்."

"என்னளா சொல்லுத?"

"செத்தவுகள அனுப்பி வைக்கது. பாருங்க, கருப்புத் துணி. பாருங்க மதினி!"

எழுத்துக்கூட்டிச் சொல்லும் அவளுடைய ஸ்பானிஷ் அந்த நிமிஷம் முழுக்கச் செத்துப்போனது. "நோ!" என்று கத்தினாள். "நோ, மார்த்தா! ஆஸ்பத்திரி! விவே! விவே!" எழுதத் தெரியவில்லை, விளக்கத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரு விதவை கதறுவது மட்டும் கேட்டது. அதற்காக அவர்கள் இன்னும் அன்பாக, இன்னும் உரக்கச் சொன்னார்கள். முதல் பாதியை இன்று மார்த்தாவே சொன்னாள். ஜெபமாலையில் பத்து மணி உருண்டு முடிந்ததும் ஒருத்தி எழுந்து ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

பின்னால் குரல் பதில் சொன்னது. காதருகே. கரகரப்பு போய்விட்டிருந்தது. நல்ல தெளிவு.

இரண்டாவது மெழுகுவர்த்தி அணைந்தது. மூன்றாவது. டெல்பின் ஏஜென்டுக்கு போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

எமில்டா அழைப்பைத் துண்டித்தாள். செபம் நிற்கவில்லை. திரையும் அணையவில்லை. நான்காவது. ஐந்தாவது.

ஒன்றுதான் மிச்சம்.

மார்த்தா அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். சுடரைக் காட்டினாள். எமில்டாவைக் காட்டினாள். உதட்டைக் குவித்து ஊதுகிற மாதிரி காண்பித்தாள். நீ. மனைவிதான் அனுப்பி வைக்க வேண்டும்.

எமில்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். மூச்சை அடக்கினாள். மாட்டேன். மாட்டேன்.

சுடர் சாய்ந்தது.

அணைந்தது.

"ஆமென்," என்றார்கள் ஏழு பேரும். பின்னால் பதில் இல்லை. முதல் தடவையாக இல்லை.

டெல்பினின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். காதில் வைத்துக் கேட்டாள். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "இப்பத்தானாம், மதினி," என்றாள். "இப்பத்தான் மூச்சு நின்னுச்சாம்."

மார்த்தாவின் வீடு திரையிலிருந்து போய்விட்டது. எமில்டாவின் முகம் மட்டும் திரை முழுக்க நின்றது.

அவளுடைய கைகள் வாய் மேல்தான் இருந்தன, கண்ணீர் விரலிடுக்கில் வழிவது அவளுக்குத் தெரிந்தது. திரையில் இருந்தவளுடைய கைகள் மடியில் கிடந்தன. அவளுடைய வாய் குவிந்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது. அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.