அடுத்த அறிவிப்பு வரும் வரை

பதிவறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆறிப்போன டீயைக் கையில் பிடித்தபடி அவள் ஹாலில் நின்று அதையே பார்த்தாள். அந்த விளக்குக்கு வெளியே ஸ்விட்ச் கிடையாது. உள்ளே மைக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாராவது உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதைத் தட்டினால்தான் வெளியே சிவப்பு எரியும். உள்ளே போகிற ஒரே ஆள் அவள். அவள் இங்கே நிற்கிறாள். குளியலறையில் கணவன் சவரம் செய்துகொள்ளும் சத்தம் கேட்கிறது. வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை.

பதிவறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னல் இல்லாத சாமான் அறைதான். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டி, கதவின் உள்பக்கம் பழைய மெத்தை விரிப்பைத் தொங்கவிட்டு, ஒரு நாற்காலியும் மைக்கும் போட்டிருந்தாள். பேங்க்குக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்வது அவள் குரல். லிஃப்டில் கதவு மூடுகிறது என்று எச்சரிப்பதும் அவள்தான். சின்ன வயதில் ஓயாமல் பேசியதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. அதுவே பிழைப்பும் ஆகிவிட்டது.

வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். சிவப்பு எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. வேறு எந்தப் பேச்சையும் கேட்காத அவள் தங்கை, வீடே வாலு என்று கூப்பிட்ட அந்தப் பெண், இந்தச் சட்டத்தை மட்டும் மீறியதே இல்லை. கல்யாணத்துக்கு முன் அக்கா வீட்டில் இருந்தபோது ஒருநாள் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். அக்கா பதிவை முடித்துக் கதவைத் திறந்தால், ரத்தம் ஊறிய துண்டோடு வாசலிலேயே நிற்கிறாள்.

"ஏண்டி, கூப்பிடறதுக்கென்ன?"

"சிவப்பு எரிஞ்சுதேக்கா."

கணவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவள் பேசாமல் கையை நீட்டிக் காட்டினாள். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் விளக்கு அணைந்திருந்தது.

"எரிஞ்சுதா? ஒயர்ல ஏதாவது ஷார்ட் ஆகியிருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன்." அவள் முகத்தைப் பார்த்தான். குரல் இறங்கியது. "எங்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசேன் ரேடியோ. இப்படி ஊமையாவே இருந்தா எப்படி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு குனிந்து தன் பாதத்தைத் தொட்டாள். ஈரம். பதிவறைக் கதவோரம் தரைவிரிப்பு நனைந்திருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயே கிடையாது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். உப்பு. அதற்கடியில் லேசாக டீசல்.

*

உல்லாசக் கப்பல் கவிழ்ந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவள் குரல் தெரியாத ஆள் இந்த நாட்டில் இல்லை.

காரணம், தப்பிப் பிழைத்த ஒருவன் செல்போனில் எடுத்த வீடியோ. சாய்ந்த நடைபாதையில் பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது. யாரோ அழுகிறார்கள். இதற்கெல்லாம் மேலே, கூரையிலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் ஒரு பெண் குரல்: "பயணிகள் கவனத்திற்கு. கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் அறைகளிலேயே இருங்கள். அடுத்த அறிவிப்பு வரும் வரை கதவைத் திறக்க வேண்டாம்."

அடுத்த அறிவிப்பு வரவேயில்லை. கேட்காமல் ஓடியவர்கள் பிழைத்தார்கள். கேட்டவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

டிவியில் தினமும் ஆறு தலைகள் கட்டம் கட்டமாக உட்கார்ந்து கத்தின. படகுகள் போதவில்லை என்றார் ஒருவர். பயிற்சியே நடக்கவில்லை என்றார் இன்னொருவர். காசு கொழுத்துக் கடலுக்குப் போனால் இப்படித்தான் என்றது ஒரு தலை. சொந்த மூளை எங்கே போச்சு, ஸ்பீக்கர் சொன்னா உட்கார்ந்துடறதா என்றது வேறொன்று. கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். அந்தக் குரலை மறுபடி போட்டார்கள். 'தேன் தடவின எமன்' என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். அதற்கு லட்சம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

அவள் கடைசியாக வாய் திறந்தது மருந்துக் கடையில். "அண்ணே, தலைவலி மாத்திரை ஒரு அட்டை குடுங்க." அவ்வளவுதான் சொன்னாள். வரிசை திரும்பியது. கடைக்காரர் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்திலிருந்த ஒரு தாய் தன் குழந்தையின் இரண்டு காதுகளையும் பொத்தினாள். அன்றோடு ரேடியோ நின்றுபோனது.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவள் பதிவு செய்தது ஒரு அறிவிப்பை அல்ல, இரண்டை. இரண்டாவது, 'லைஃப் ஜாக்கெட் அணிந்துகொண்டு உடனே மேல்தளத்துக்கு வாருங்கள்' என்பது. அதைப் படிக்கும்போது கண்ணை மூடி, நிஜமாகவே தண்ணீர் ஏறுவதாக நினைத்துக்கொண்டு படித்தாள். தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி அதிகாரி சிரித்தார். "மேடம், இதுல பயம் தெரியுதே. ஜனங்க மிரண்டுடுவாங்க. முதல்ல உள்ளது அருமை. ரெண்டாவதை அப்புறம் நிதானமா எடுத்துக்கலாம்." அந்த அப்புறம் வரவில்லை.

அவர்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அந்தக் கப்பலில் வாலு இருந்தாள். "புருஷனுக்கு லீவு இல்லன்னா போகட்டும், நான் தனியாவே போறேன். கப்பல் பூரா எங்கக்கா குரல் கேக்குமாமே, ஓசியில ரேடியோ!" என்று குதித்துக்கொண்டு போனாள்.

*

"முக்குளிக்கிற ஆளுங்க கப்பலோட கீழ்த்தளம் வரைக்கும் போயிட்டாங்களாம்." கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "வாலு இருந்த வரிசையில அறைக் கதவெல்லாம் உள்பக்கமா பூட்டியிருக்காம். இன்னைக்கு உடைக்கறாங்க. சொந்தக்காரங்க வந்து... வளையல், வாட்ச் ஏதாவது பார்த்துச் சொல்லணுமாம். உங்க அம்மாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம். நான் போய்ட்டு வந்துடறேன்."

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

அவன் போனபின் வீடு பெரிதாகிவிட்டது. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. ஒருத்தி அவள் குரலில் இழுத்து இழுத்து, "உங்கள் அறைகளிலேயே இருங்கள்" என்றாள். உடனே எல்லாப் பிள்ளைகளும் அப்படியே சிலையானார்கள். அசைந்தவன் அவுட். திரைச்சீலை இடுக்கில் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு குட்டிப் பையன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான்.

பொழுது சாய்ந்தது. அவள் போனில் தங்கையின் கடைசிக் குரல் பதிவைப் போட்டுக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எத்தனை தடவை கேட்டாள் என்று கணக்கில்லை.

"அக்கா, நான்தான். கப்பல் ஏதோ சாயுது, கரண்ட் போய்ப் போய் வருது. நீ பேசற, கேக்குது. இங்க எல்லாரும் ஓடலாமா ஓடலாமாங்கறாங்க. நான்தான் சொல்லிட்டேன், பயப்படாதீங்க, அது எங்க அக்கா குரல், அவ பொய் சொல்ல மாட்டா, அடுத்து என்னன்னு சொல்லுவா, உக்காருங்கன்னு. பக்கத்து ரூம் பிள்ளைங்க, அந்த வயசான தாத்தா, எல்லாம் என் ரூம்லதான் இருக்காங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுட்டோம். என்னுது ஒரே அழுக்கு, சொல்லிடு உன் கம்பெனிக்காரன்கிட்ட." ஒரு சிரிப்பு. பின்னால் எங்கோ தண்ணீரின் சலசலப்பு. "சீக்கிரம் சொல்லுக்கா."

பதிவு முடிந்தது. சலசலப்பு முடியவில்லை.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். சத்தம் போனிலிருந்து வரவில்லை. ஹாலின் அந்தக் கோடியில், இருட்டில், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தத்தையெல்லாம் விழுங்குவதற்கென்றே ஸ்பாஞ்சு ஒட்டிய அந்த அறைக்குள்ளிருந்து, மெத்தை விரிப்பையும் கதவையும் தாண்டி, பல பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது துணியோடு துணி உரசுமே அந்த உரசலும், அடக்கி அடக்கி விடும் மூச்சும், ஒரு குழந்தை இருமியதும், யாரோ "ஷ்ஷ்... சிவப்பு எரியுது" என்று அதை அடக்கியதும் கேட்டன. கதவுக்கடியிலிருந்து தண்ணீர் நாக்கு நீட்டிக்கொண்டு வந்தது. உப்பும் டீசலும் ஊறிய விரிப்பும் கலந்த வாடை நெஞ்சை அடைத்தது.

ஓடலாம். வாசல் கதவு பின்னால்தான் இருக்கிறது.

அவள் ஓடவில்லை.

கதவின் உள்பக்கம் ஒரு நகம் தட்டியது. மெதுவாக. சிவப்பு அணைந்ததும், உள்ளே வரலாமா என்று கேட்க வாலு தட்டுவாளே, அதே தட்டல்.

"ரேடியோக்கா..."

ரொம்பப் பொறுமையான குரல்.

"அடுத்த அறிவிப்பு எப்போ?"

அவள் முழங்காலில் விழுந்தாள். தண்ணீர் புடவையில் ஏறியது. சில்லென்று. இத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டில். சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு. அவள் சொல்வாள் என்று.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"பயணிகள்... பயணிகள் கவனத்திற்கு." துருப்பிடித்த குரல். "லைஃப் ஜாக்கெட் அணிந்துகொண்டு... உடனே..." அதற்குமேல் எழுதிக்கொடுத்த தமிழ் வரவில்லை. பயம் வந்தது. அன்றைக்கு வேண்டாம் என்றார்களே, அதே பயம். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வந்துடுங்க! உள்ள இருக்காதீங்க! வாலு, வெளிய வாடி கண்ணு, வாடி!"

மூச்சுகள் நின்றன.

கைப்பிடி திரும்பியது.

சிவப்பு எரியும்போதே கதவு திறந்தது. முதல் தடவையாக.

ஒரு தாத்தா. அவர் விரலைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. அதன் பின் ஒரு பையன். ஒரு தம்பதி. யாரும் முண்டியடிக்கவில்லை. வரிசையாக வந்தார்கள். ஆரஞ்சு நிற ஜாக்கெட். எல்லார் வாரும் சரியாகக் கட்டியிருந்தது. முகங்கள் ஊறி வெளுத்திருந்தன. அவர்களுக்குப் பின்னால் சாமான் அறை இல்லை. நடைபாதை. சாய்ந்தது. முடிவில்லாதது. அங்கிருந்தும் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

எல்லார் கண்ணும் அவள் உதட்டில்.

கடைசியில் இல்லை, நடுவில் எங்கோ, ஒரு சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாலு வந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜாக்கெட் அழுக்குத்தான்.

"வந்துட்டோம்க்கா. லேட் பண்ணிட்டே."

அவள் தங்கையின் கன்னத்தைத் தொட்டாள். தண்ணீரில் கிடந்த சோப்பு மாதிரி இருந்தது. விரல் அமுங்கிய இடம் அமுங்கியபடியே நின்றது. கையை எடுக்கவில்லை. அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தப்பாச்சுடி. நான் சொன்னேன்டி. அவங்க போடல. நான் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா? மேல்தளம் எந்தப் பக்கம்க்கா?"

அவள் சுற்றிப் பார்த்தாள். ஹால். ஒரு சோபா. ஒரு ஜன்னல்.

"வெளிய," என்றாள். "வாசல் வழியா. என் பின்னாடியே வாங்க."

தங்கையின் கையைப் பிடித்து வாசல் கதவை நோக்கி ஒரு அடி வைத்தாள். அப்போதுதான் தெருமுனையில் அந்த வேன் திரும்பியது.

தினமும் சாயங்காலம் வரும் ஊர்வலம். மெழுகுவத்திகள், பதாகைகள், பயணிகள் பாதுகாப்பு வேண்டும் என்ற கோஷம். நல்ல மனிதர்கள். அழுகிறவர்கள். மறந்துவிடக் கூடாது என்பதற்காக வேனின் மேல் ஒலிபெருக்கி கட்டி, அந்த அறிவிப்பைப் போட்டுக்கொண்டே வருவார்கள்.

"போடாதீங்க!" அவள் ஜன்னலுக்குப் பாய்ந்தாள். "ஐயோ, போடாதீங்க..."

தேன்போல, தெரு முழுக்க, வீடு முழுக்க, அவள் குரல்.

"பயணிகள் கவனத்திற்கு. கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் அறைகளிலேயே இருங்கள்."

வரிசை நின்றது.

தாத்தா சோபாவில் உட்கார்ந்தார். குழந்தைகள் தரையில். தம்பதி சுவரோரம். நடைபாதையிலிருந்து ஏறி வந்தவர்கள் அவரவர் நின்ற இடத்தில். ஹால் நிறைந்தது. சமையலறை நிறைந்தது. தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது.

"அடுத்த அறிவிப்பு வரும் வரை கதவைத் திறக்க வேண்டாம்."

"இல்ல! அது பழசு! நான் இங்க இருக்கேன், நான் சொல்றேன், எந்திரிங்க!" கத்தினாள். கரகரத்த குரல். பயந்த குரல். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லார் முகமும் தெருப்பக்கம், அந்த இதமான குரலை நோக்கி.

வாசலில் சாவி நுழைந்தது.

"ரேடியோ!" கணவன். மூச்சிரைத்தது. "ரேடியோ, கதவெல்லாம் உடைச்சாங்க. ஒரு அறையிலயும் ஆள் இல்ல! உள்பக்கம் பூட்டினது பூட்டினபடி இருக்கு, உள்ள ஒருத்தர்கூட இல்ல... என்ன இது, வாசல்ல தண்ணி? ஏய், கதவைத் திற!"

சாவி திரும்பியது. கதவு ஒரு விரற்கடை நகர்ந்தது.

அவள் கதவுக்குப் பாய்ந்தாள். ஒரு வெளுத்த கை அவளைத் தாண்டி நீண்டு, கதவை மெதுவாக அழுத்திச் சாத்தியது. மேல் தாழ்ப்பாள். அப்புறம் கீழ்த் தாழ்ப்பாள். வெளியே கணவன் இடித்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

வாலு அக்காவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் அழுக்கு ஜாக்கெட்டை அவிழ்த்து அவளுக்கு மாட்டி, வாரை இறுக்கிக் கட்டினாள். அப்புறம் இருட்டில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"பயப்படாதீங்க," என்றாள் சிரித்தபடி. "எங்க அக்கா குரல்தான்."