பூனையைச் சுற்றி ஒரு கூடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிளகின் வீட்டில் யாரும் குளிக்க முடியாது. குளியலறைத் தொட்டி நிறையப் பிரம்பு ஊறிக்கொண்டிருக்கும்.

மிளகு என்பது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர் இல்லை. ஆள் சின்னவள், வாய் காரம். அதனால் அப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட்டது.

மிளகின் அம்மா கூடை பின்னுபவர். ஞாயிறுதோறும் வீட்டு முன்னறையில் கூடை பின்னக் கற்றுக்கொடுப்பார். சின்ன வகுப்புதான். பெரிய மேசையைச் சுற்றி எத்தனை நாற்காலி போட முடியுமோ அத்தனை பேர். அதற்காக அப்பா சோபாவைச் சுவரோடு தள்ளி வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார்.

பிரம்பை ஊறவைப்பதும், ஊறியதை ஈரத் துண்டில் சுற்றி மேசைக்குக் கொண்டுவருவதும் மிளகின் வேலை. காய்ந்த பிரம்பை வளைத்தால் படக்கென்று ஒடிந்துவிடும். ஊறிய பிரம்பு சொன்ன பேச்சுக் கேட்கும். “உன்னையும் கொஞ்ச நேரம் ஊறவைச்சுப் பார்க்கலாமான்னு இருக்கு” என்று அம்மா மிளகிடம் அடிக்கடி சொல்வார்.

வகுப்புக்கு வருகிறவர்களில் பேருந்து ஓட்டும் மாமா ஒருவர். அவர் எதையும் இழுத்துப் பிடிக்கமாட்டார். அவர் பின்னும் கூடை மேலே போகப் போக விரிந்து, கடைசியில் தட்டாகிவிடும். “பரவாயில்ல, பழம் வெச்சுக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் வீட்டில் இப்போது பழத்தைவிடப் பழத்தட்டுகள்தான் அதிகம்.

எதிர்வீட்டுத் தையல் அத்தையின் கதை நேர்மாறானது. தினமும் நூலை இழுத்து இழுத்துத் தைத்த கை அவருடையது. பிரம்பையும் அப்படித்தான் இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் அடியிலிருந்து மேலே நிற்கிற குச்சிகள் உள்பக்கம் சாயும். கூடையின் வாய் சுருங்கிக்கொண்டே வந்து சுருக்குப் பை மாதிரி மூடிக்கொள்ளும்.

“கையைத் தளர்த்துங்கக்கா” என்பார் அம்மா.

“தளர்த்திட்டுத்தானே இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அத்தை இன்னொரு இழுப்பு இழுப்பார்.

அத்தை கூடை பின்ன வந்ததே ஒரு பூனையால்தான். கறுப்புப் பூனை. அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது, ஆனால் நடக்கிற வேலையின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதால் அத்தையே வைத்த பெயர். தைத்து முடித்த துணி அதற்கு வேண்டாம். மூலையில் கிடக்கிற துணியும் வேண்டாம். அத்தையின் கையில் இப்போது எந்தத் துணி இருக்கிறதோ, அதன்மேல்தான் படுக்கும்.

அத்தை தைப்பதோ பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள். வெள்ளைச் சட்டையில் கறுப்பு முடி ஒட்டினால் யார் சும்மா இருப்பார்கள்? இனி ஒரு முடி இருந்தாலும் வேறு தையல்காரரைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அத்தை என்னென்னவோ செய்து பார்த்தார். அட்டைப் பெட்டியில் மெத்தை போட்டார். அம்மா அழகாக ஒரு கூடை பின்னிக் கொடுத்தார். மேனேஜர் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, நேராகத் தையல் இயந்திரத்துக்குப் போய்ச் சட்டைமேல் படுத்துக்கொண்டது. தன் கையாலேயே கூடை பின்னினால் ஒருவேளை அதற்குப் பிடிக்கலாம் என்று நினைத்துத்தான் அத்தை வகுப்பில் சேர்ந்தார்.

அவர் பின்னியதில் இதுவரை பூனையின் தலை மட்டும்தான் நுழைந்திருக்கிறது. அதுவும் ஒரு முறை மாட்டிக்கொண்டு, கூடைத் தலையோடு தெரு முழுக்க ஓடிவிட்டது.

இந்த ஞாயிறு அத்தை வந்தபோது முகம் வாடியிருந்தது. மேசையில் உட்கார்ந்து அடித்தட்டைப் பின்னி முடித்தார். பிறகு பிரம்பைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னிக்கும் கூடை சரியா வரலேன்னா விட்டுடப் போறேன். என் தம்பியோட கிடங்குல எலித் தொல்லையாம். நாளைக்கு வந்து மேனேஜரைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்.”

 ஓட்டுநர் மாமாகூடச் சிரிக்கவில்லை.  பள்ளி விட்டு வந்ததும் மிளகு முதலில் பார்க்கப் போவது மேனேஜரைத்தான். அதன் கழுத்தடியைச் சொறிந்து கொடுத்துவிட்டுத்தான் பையையே கழற்றுவாள்.

“கிடங்குல அது யார் துணிமேல படுக்கும்?” என்று மிளகு கேட்டாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரம்பை எடுத்து ஒரு சுற்றுப் பின்னி, வெடுக்கென்று இழுத்தார். குச்சிகள் உள்ளே சாய்ந்தன.

மிளகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே கைதான் மேனேஜரைத் தூக்கும்போது எவ்வளவு மெதுவாகத் தூக்கும்! பூனையிடம் அந்தக் கை எதையும் இழுப்பதில்லை. சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

“அத்தை, கூடையை முடிச்சிட்டுப் பூனையை உள்ள வைக்கிறதுக்குப் பதிலா, பூனையை வெச்சுட்டுக் கூடையைப் பின்னினா என்ன?”

ஓட்டுநர் மாமா குபீரென்று சிரித்துவிட்டார். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். பூனைக்குப் பிரம்பு நுனியைக் கண்டால் விளையாட்டுத்தான் வரும், வகுப்பு நடந்த மாதிரிதான் என்றார் அம்மா. ஆனால் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மிளகுக்கு அது போதும். அவள் அடுத்த நொடி எதிர்வீட்டில் இருந்தாள்.

அம்மா சொன்னபடியேதான் நடந்தது. மேசைமேல் விட்டதும் மேனேஜர் பிரம்பு நுனியைத் துரத்தியது. ஓட்டுநர் மாமாவின் கூடைக்குள் குதித்து, அதை இன்னும் நன்றாகத் தட்டாக்கியது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது.

“மிளகு, போதும். கொண்டுபோய் விட்டுட்டு வா” என்றார் அம்மா.

“ஒரே நிமிஷம்மா.”

அவள் உள்ளே ஓடி, அப்பாவின் பழைய நீலச் சட்டையைக் கொண்டுவந்தாள். காலர் நைந்துபோன சட்டை. அப்பா அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தார்.

“அது நல்லாத்தானே இருக்கு” என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மிளகு சட்டையை மடித்து அடித்தட்டின்மேல் வைத்தாள். ஊசியும் நூலும் அத்தை கையில் கொடுத்தாள். அந்தச் சட்டையில் சும்மா இரண்டு தையல் போடச் சொன்னாள். அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெரிய அவசர வேலை போல முகத்தை வைத்துக்கொண்டு தைக்கத் தொடங்கினார்.

மேனேஜர் காதை நிமிர்த்தியது. அத்தையின் கையைப் பார்த்தது. ஊசியைப் பார்த்தது. பிரம்பை அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்து, சட்டைமேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

“யாரும் அசையாதீங்க” என்று அத்தை கிசுகிசுத்தார்.

வழக்கமாகக் குச்சிகளை எல்லாம் மேலே சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சுற்றிப் பின்னுவார்கள். இன்று கட்ட வேண்டாம், கூண்டு என்று நினைத்துப் பூனை பயந்துவிடும் என்று அம்மாவே சொன்னார். மிளகு ஈரத் துண்டிலிருந்து பிரம்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அத்தை பின்னினார். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. குச்சிக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் வயிறு ஏறி இறங்கியது. அத்தையின் கை வழக்கம்போல் இழுக்கப் போகும், பூனையின் முதுகு தட்டுப்படும், உடனே தளர்ந்துவிடும்.

சுவர் எழும்பியது. சாயவில்லை, சுருங்கவில்லை. தூங்குகிற பூனையின் உருவத்துக்கே, ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது. மேனேஜர் ஒரு முறை கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி வீடு கட்டுவதைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது.

“இவ்வளவு நாளா தளர்த்துங்க தளர்த்துங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பூனை சொன்னதும் கேட்டுட்டீங்களே” என்றார் அம்மா. அத்தை சிரித்தார். ஆனால் சத்தம் வராமல் சிரித்தார்.

விளிம்பை மடித்துச் சொருகி முடித்ததும், அத்தை கூடையைப் பூனையோடு தூக்கிக்கொண்டு, நிறைகுடம் சுமப்பவர்போலத் தெருவைக் கடந்து போனார்.

மிளகுக்கு மட்டும் நிம்மதி இல்லை. இங்கே தூங்கியது சரி. அங்கே வெள்ளைச் சட்டையைப் பார்த்தால்? மாலையில் அவள் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். அத்தை இயந்திரத்தில் புதுச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து முக்காலியில் கூடை இருந்தது.

தையல் சத்தம் கேட்டு மேனேஜர் எழுந்தது. கூடை விளிம்பில் முன்கால்களை ஊன்றி, வெள்ளைச் சட்டையைப் பார்த்தது. மிளகு மூச்சுவிடவில்லை. அத்தையின் கால் இயந்திர மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

மேனேஜர் வாயை முழுசாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. பிறகு கூடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, புடைத்திருந்த பக்கத்தில் முதுகைச் சரியாகப் பொருத்தி, நீலச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அத்தை மிளகைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். இந்த முறை நன்றாகவே இழுத்தார். பிறகு போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினார்.

“தம்பி, நாளைக்கு நீ வர வேணாம்ப்பா. கிடங்குக்குப் போற வழியில ஒரு எலிப்பொறி வாங்கிக்கோ.”