அருகிலுள்ள வீட்டுக்கான தூரம்

மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் இருக்கைக்குத் திரும்பியபோது, திரையில் இருந்த அட்டவணையில் ஓர் எண் மாறியிருந்தது. காலையில் நாற்பத்தொரு மீட்டர். இப்போது முப்பத்தாறு.

அவள் பாதாளச் சாக்கடை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். நகரத்துக்கு அடியில் ஓடும் ஒவ்வொரு குழாயும் அவள் திரையில் ஒரு கோடு; பெரிய குழாயில் உறைந்து கிடக்கும் கொழுப்பு மட்டும் ஒரு மஞ்சள் திட்டு. அந்தத் திட்டுக்கு அவள் நிரந்தரமாக ஒரு சூத்திரம் எழுதி வைத்திருந்தாள். எல்லையை நகர்த்தினால் போதும். பரப்பும், அருகிலுள்ள வீட்டுக்கான தூரமும் தாமாகவே கணக்காகிவிடும். அதன் அழகே அதுதான். எண்ணை யாரும் கையால் தட்ட முடியாது. எல்லை நகராமல் எண் மாறாது.

அப்படியென்றால் நகர்த்தியது யார்?

அருகிலுள்ள வீடு அவளுடையது. அங்கே காலில் மாவுக்கட்டோடு தங்கை தனியாகப் படுத்திருந்தாள்.

சாக்கடைக்குள் இறங்கி அளப்பவர் உள்ளே வந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பெருச்சாளி. பழைய எண்ணெயும் ஈர முடியும் சொத்தைப் பல்லும் ஒன்றாக வெந்தது போன்ற ஒரு நாற்றம் அவர் சட்டையிலிருந்து கிளம்பி, அவள் நாக்கின் அடியில் போய்ப் படிந்தது.

"அண்ணே, அந்தக் கொழுப்பை இன்னைக்குப் பார்த்தீங்களா?"

"அந்தக் கருமத்தையா? குச்சியால குத்தினேன்மா. தோல் மாதிரி அமுங்குச்சு. அப்புறம் குச்சியை உள்ள இழுத்துக்கிச்சு. எனக்கு இன்னும் சோறு இறங்கல."

திரையில் தூரம் இப்போது இருபத்திரண்டு. மஞ்சள் திட்டிலிருந்து ஒரு முனை நாக்கைப் போல நீண்டு, அவள் வீட்டுக் குழாய்க்குள் நுழைந்திருந்தது.

அவள் வீட்டுக்கு போன் செய்தாள்.

"அக்கா, பாத்ரூம்ல ஒரே நாத்தம். உன் ஆபீசை வீட்டுக்கே அனுப்பிட்டியா?"

"உடனே வெளிய போடி. தவழ்ந்தாவது போ!"

"இந்தக் காலோடவா? விளையாடாதக்கா."

பதினொன்று.

அவள் மவுஸால் அந்த முனையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வழவழப்பான ஏதோ விரலுக்கடியில் நழுவுவது போல இருந்தது. பதினைந்து. பத்தொன்பது.

"அக்கா, நாத்தம் கொஞ்சம் குறையுது."

இழுத்தாள். பொத்தானிலிருந்து விரல் வழுக்கியது.

ஒட்டும் வசதியை அவள் அணைக்கவில்லை. குழாய்கள் இடைவெளியில்லாமல் சேர்வதற்கான வசதி அது. கோட்டின் அருகே எதை விட்டாலும், அந்தக் கோட்டின் நுனிக்குத் தாவி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோட்டின் நுனி அவள் வீட்டுக் குளியலறை.

தூரம்: பூஜ்யம்.

"அக்கா... கட்டில் மேல ஏறுது. வெதுவெதுன்னு இருக்கு."

பிறகு சொற்கள் இல்லை. சப்புக்கொட்டும் ஈரச் சத்தம் மட்டும்.

திரையில் அவள் வீட்டை அந்த மஞ்சள் அறை அறையாக நிரப்பியது. படுக்கையறையில் மட்டும் ஒரு சிறிய வெள்ளை இடைவெளி. கைகளை விரித்த ஓர் உருவம். அதன் விளிம்புகள் மெல்ல உள்நோக்கி நகர நகர, பக்கத்துக் கட்டத்தில் பரப்பு தானாகவே கூடிக்கொண்டிருந்தது.