விடைகளைச் சரிபார்க்க அரை நிமிடம்

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மத்தியானம், டியூட்டி முடிந்த கையோடு பஞ்சு அந்தப் பழைய வீட்டு மாடிப்படி ஏறினாள். கீழே ஆள் இல்லை. மாடியில் சார் ஒருவர் நடத்தும் ஆங்கிலப் பரீட்சைப் பயிற்சி வகுப்பு. சுவரெல்லாம் ஈரம் பூத்து, மூடிவைத்த பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாடை வீசியது.

பஞ்சு என்பது ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். படிப்பது, எழுதுவது, பேசுவது எல்லாவற்றிலும் தேறிவிட்டு, ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? காதில் பஞ்சையா அடைத்து வைத்திருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். அதுவே ஒட்டிக்கொண்டது. அவளுடைய இடது காது செத்துப்போய் வருஷக்கணக்காகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

சட்டைக்கு இஸ்திரி போட மறந்ததற்குப் புருஷன் விட்ட அறை அது. செவிப்பறை கிழிந்து தலையணை நனைய ரத்தம் வந்தது. அவசரப் பிரிவு நர்ஸ் அல்லவா, மறுநாள் அந்தக் காதோடு போய், குடித்து விழுந்து மண்டை உடைத்துக்கொண்ட ஒருவனுக்குக் கட்டுப் போட்டாள். அப்புறம் ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவன் விட்டானா? வீடு மாறினால் தேடி வந்தான். ஃபோன் நம்பரை மாற்றினால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தரத் தயாராக இருந்தது, மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். இந்த ஒரு பகுதியில் தேறினால் போதும். ஆனால் இந்தத் தடவையே தேற வேண்டும், இனிமேல் காத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

"மூலைல உட்காருங்க. ஒரே தடவைதான் போடுவேன்" என்றார் சார். "ரெண்டாவது தடவை கேக்கணும்னா மாமியாரைக் கேளுங்க, அவங்க திருப்பித் திருப்பிச் சொல்லுவாங்க."

பயிற்சி ஒலிப்பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரே பெண்குரல்தான். நிதானமான, எழுத்துக்கு எழுத்து தெளிவான ஆங்கிலம். பழைய கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியவை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். படிக்க வருகிறவர்கள் அந்தக் குரலுக்கு டேப் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கு நூலகத்தில் உறுப்பினராகச் சேர்வது பற்றிய பயிற்சி. டேப் அக்கா பேசி முடித்ததும், விடைகளைச் சரிபார்க்க அரை நிமிடம் என்று சாரின் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. பிறகு நிசப்தம்.

வலது காதில் ஒன்றுமில்லை.

இடது காதில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பஞ்சு பென்சிலைக் கீழே போட்டாள். செத்த காதில் மூச்சா? சில சமயம் அந்தக் காதில் இரைச்சல் வருவதுண்டு. டியூட்டிக் களைப்பு என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாளும் அதே பயிற்சியைக் கேட்டு வாங்கினாள். அரை நிமிடம் வந்தது. இந்த முறை மூச்சோடு ஒரு கதவு படாரென்று திறந்தது. ஒரு ஆணின் குரல், தமிழில்.

"யார்கிட்டடி பேசிட்டிருக்க?"

"யார்கிட்டயும் இல்லங்க... பாடம்... ரெக்கார்டிங் பண்ணிட்டிருக்கேன்..."

டேப் அக்காவின் குரல்தான். ஆங்கிலத்தில் அவ்வளவு நிமிர்ந்து நின்ற குரல், தமிழில் தரையில் ஊர்ந்தது.

"தனியா ரூம்ல யார்கிட்டடி கொஞ்சிப் பேசுற? எங்கடி அவன்?"

அப்புறம் அடி விழுந்தது. கனமான ஏதோ ஒரு பெட்டியைத் தூக்கி அடித்தாற்போல் இருந்தது. நாற்காலி சாய்ந்தது. அவள் தலைமுடியைப் பிடித்து இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. தலை சுவரில் மோதியது. முதல் மோதல் வறண்ட சத்தம். அடுத்தடுத்த மோதல்கள் ஈரச் சத்தம். அவசரப் பிரிவில் எத்தனையோ பெண்களைத் துடைத்துத் தையலுக்குத் தயார் செய்தவளுக்கு, அந்த ஈரம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

"என்னம்மா, என்னாச்சு?" சார் ஓடி வந்தார்.

"சார்... அந்த அரை நிமிஷத்துல... ஒரு பொம்பளைய அடிச்சுக் கொல்றாங்க சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க அக்கா. இந்த ரூம்லதான் பதிவு பண்ணிட்டிருந்தா. அவ தனியா இங்கிலீஷ் பேசுறதை வெளியிலேர்ந்து கேட்டுட்டு, உள்ள எவனோ இருக்கான்னு நினைச்சு மாமா கதவை உடைச்சிருக்காரு. அந்த டேப் ரெக்கார்டராலேயே அடிச்சிட்டாரு. கேசட்ல எல்லாம் பதிவாயிருந்துச்சு."

"அதை வச்சா சார் பாடம் நடத்துறீங்க?"

"கோர்ட்டுல கேஸ் முடிஞ்சு திருப்பிக் கொடுத்தாங்க. அந்த இடத்தை மட்டும் வெட்டி எரிச்சேன். மீதியை எரிக்க மனசு வரல, அவ குரல்னு இது ஒண்ணுதான் இருக்கு. வெட்டின இடத்துல வெத்து டேப்பை ஒட்டினேன், அது சும்மா கிடந்துச்சு. விடை பார்க்க அரை நிமிஷம்னு என் குரலைச் சேர்த்து வச்சுட்டேன்." அவர் கண்ணைத் துடைத்தார். "இத்தனை பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லையே."

"அவங்களுக்கெல்லாம் காது நல்லாருக்கு சார்."

"மாமா ஜெயிலுக்குப் போனாரு, வந்தாரு. வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு நல்லாத்தான் இருக்காரு" என்றார் சார், கேட்காமலே. இடது காதில் அந்த மூச்சு சட்டென்று சூடானது.

பஞ்சு தடதடவென்று படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். மழை, வண்டிச் சத்தம், ஜன நெரிசல். அத்தனையும் வலது காதில். இடது காதில் அவள் கூடவே ஒருத்தி நடந்து வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அந்தக் குரல் கேட்டது.

"உன்னை எதால அடிச்சான்?"

இத்தனை வருஷத்தில் யாரும் பஞ்சுவிடம் கேட்காத கேள்வி அது. பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை. உதட்டை அசைக்காமல் பதில் சொன்னாள்.

"கையால."

"மறுபடி வருவானா?"

"வருவான்."

"வரட்டும்."

பரீட்சை நாள் காலையில் பஞ்சுவின் ஃபோன் அடித்தது. அவளுடையது புது நம்பர்தான், இருந்தும் அவன் குரல். "ஃப்ளைட் ஏறப் போறியாமே? எம் பொண்ணையும் தூக்கிட்டா? பார்த்துடுறேன்." மகளை உள்ளே விட்டு, யார் தட்டினாலும் திறக்காதே, எதிர்வீட்டு அக்கா ராத்திரி வேலை முடிந்து வந்ததும் அவளை மட்டும் கூப்பிடு என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டுப் போனாள். வேறு வழி இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டாள்.

பரீட்சை அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். நடுவில் எழுந்து வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று கண்காணிப்பாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். கேட்கும் பகுதி தொடங்கியது. ஒரு பகுதி முடிந்தது. விடைகளைச் சரிபார்க்க அரை நிமிடம்.

இடது காதில் அவள் வீட்டுக் கதவு உடைந்தது.

"அம்மா!"

பஞ்சு பாதி எழுந்துவிட்டாள். கண்காணிப்பாளர் அம்மா விரலை உயர்த்தினார்.

"எங்கடி உங்கம்மா?" அவன்தான். பிறகு ஒரு அறை. அந்த அறையின் சத்தத்தை அவள் உள்ளிருந்தே அறிவாள். குழந்தையின் அழுகை பாதியில் அறுந்தது.

"உட்காரு" என்றது டேப் அக்காவின் குரல். "நான் பார்த்துக்கறேன்."

அவள் ஓடியிருக்க வேண்டும். எந்தத் தாயும் ஓடியிருப்பாள். ஓடினாலும் போய்ச் சேர முடியாது, இந்த வேலையும் போய்விட்டால் அவன் கையில்தான் காலம் தள்ள வேண்டும் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அதெல்லாம் சாக்கு. அவன் சாவதைக் காதாரக் கேட்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

பஞ்சு உட்கார்ந்தாள்.

நிதானமான, தெளிவான ஆங்கிலத்தில் அந்தக் குரல் சொன்னது: கவனமாகக் கேளுங்கள், இது ஒரு முறைதான் ஒலிக்கும்.

"யாரு... யாருடி அது?" என்றான் அவன்.

பிறகு அவன் தலை சுவரில் மோதியது. முதலில் வறண்ட சத்தம். கையெலும்பு முறிந்தது. அவன் கெஞ்சினான், அம்மா என்றான், பஞ்சுவின் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். டேப் அக்கா அவனை வாசல்வரை போகவிட்டு, காலைப் பிடித்து இழுத்து வந்து மறுபடி சுவரில் மோதவைத்தாள். ஈரச் சத்தம் நெடுநேரம் நீடித்தது. வலது காதில் யாரோ சுற்றுலாப் பயணத்துக்கு டிக்கெட் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பஞ்சு அதையும் கேட்டாள், இதையும் கேட்டாள். கை மட்டும் நடுங்காமல் விடைகளை அடித்துக்கொண்டே போனது. அவ்வளவு நன்றாக அவள் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

கடைசிப் பகுதி முடிந்தபோது இடது காது வெறிச்சோடியிருந்தது. மூச்சுகூட இல்லை.

வீட்டு வாசலில் போலீஸ். கூடத்துச் சுவரைப் பார்த்த இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் வெளியே வந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாரும் வரவில்லை, கத்தல் கேட்டு ஓடி வந்தபோது குழந்தை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள் என்று எதிர்வீட்டு அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் அவள் மடியில் இருந்தாள். இடது காதில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார்கள். துணி சிவந்திருந்தது.

பஞ்சு முட்டி போட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். "இனிமே யாரும் வரமாட்டாங்கடா. நாம வெளிநாட்டுக்குப் போயிடலாம். வலிக்குதா கண்ணு?"

"இல்லம்மா." குழந்தை அழவில்லை. தாயின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, துணி வைத்த பக்கமாகத் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு நிமிர்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"இந்தக் காதுல ஒரு அக்கா பேசுறாங்கம்மா. அப்பா கதவை உடைச்சதிலேர்ந்து நீ எல்லாத்தையும் கேட்டுட்டே உட்கார்ந்திருந்தியாமே. நிஜமாவாம்மா?"