பெரிய பெட்டியின் இரைச்சல்

பெரிய பெட்டியின் இரைச்சலில் ஒரு தாளம் இருந்தது.

யாக்கூப் அதை உடனே கவனிக்கவில்லை. மேலகரத்து வாடகை வீட்டின் முன்னறையில், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே சம்மணமிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வெளியே குற்றாலத்து மலை காலையிலிருந்தே மேகத்துக்குள் போயிருந்தது. சாரல் விழுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாதபடி வந்து ஜன்னல் கம்பிகளில் ஒட்டி, திரண்டு, ஞாபகம் வந்தாற்போல் எப்போதாவது ஒரு சொட்டு விட்டது. அடுக்களையில் ஜாஹிரா அரிசி களைகிற சத்தமும், ஈர ரோட்டில் குற்றாலம் போகும் பஸ்களின் சீறலும், அவை எல்லாவற்றுக்கும் அடியில் பெட்டியின் இரைச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன.

கச்சேரிக்காரர்கள் ஆம்ப்ளிஃபயரை வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. வால்யூமை முழுக்கத் திருகிவிட்டு, ஒன்றையும் தொடாமல் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அடித்தால் எல்லாப் பெட்டியும் சத்தம் போடும். சும்மா இருக்கிறபோது அது என்ன செய்கிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும்.

அவன் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. ஜாஹிராவின் அண்ணன் ரஹ்மத் துபாயிலிருந்து அனுப்பிய எலக்ட்ரானிக் டிரம் சுவரோரம் நின்றது: கறுப்பு ரப்பர் போர்த்திய ஐந்து பலகைகள், காலால் மிதிக்க ஒன்று, எல்லா வயர்களும் போய்ச் சேர்கிற ஒரு மூளைப் பெட்டி. 1986-இல் தென்காசிப் பக்கம் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் அது ஊமை. அடித்தால் செருப்பைத் தரையில் தட்டுகிற சத்தம்தான் வரும். சனிக்கிழமை குற்றாலத்தில் சீசன் மேடை. அவன் வாசிக்கும் மெல்லிசைக் குழுவை நடத்தும் காந்திமதிநாதன் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “கடைசி வரிசையில நிக்கவனுக்கு நெஞ்சு அதிரணும்டே. இல்லேன்னா திருநெல்வேலியிலேருந்து வேற ஆளைக் கூட்டியாந்துருவேன்.”

சின்னப் பெட்டி புதுசு. அதன் இரைச்சல் கொசுவின் ரீங்காரம் போல மெல்லியது, சுத்தமானது. ஆனால் கால் பலகையை மிதித்தால் தகர டப்பா உருண்டது. பெரிய பெட்டி இடுப்பு உயரம். முன்னால் பழுப்புத் துணி, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கனலும் ஆறு கண்ணாடி வால்வுகள். முதல் மிதியில் சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்தது. அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் சிலிர்த்தன.

அதனால்தான் அந்தத் தாளம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வேகமான, சீரான, மெத்தென்ற தாளம். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் சின்னதாக ஒரு வால்.

பலகைகள் அதிர்ந்து தாமாகத் தட்டுகின்றனவோ என்று அவற்றுக்கு அடியில் மடித்த போர்வையைப் போட்டான். தாளம் இருந்தது. பலகைகளின் வயர்களைக் கழற்றினான். இருந்தது. கடைசியில் மூளைப் பெட்டியின் வயரையும் உருவினான். இப்போது பெரிய பெட்டிக்குள் சுவரிலிருந்து வரும் கரண்டைத் தவிர வேறெதுவும் போகவில்லை.

தாளம் இருந்தது.

சேக் மைதீனின் கடை ஞாபகத்துக்கு வந்தது. தென்காசியில் முப்பது வருஷமாக ஸ்பீக்கரும் மைக்கும் வாடகைக்கு விடுகிறவர். நேற்று யாக்கூப் அங்கே சின்னப் பெட்டியை மட்டும் கேட்டுத்தான் போனான். அவர் அதைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“வீட்டுல யாரெல்லாம் இருக்கீய?”

“நானும் வீட்டுக்காரியும்தாண்ணே.”

“ரெண்டே பேரா?”

“இப்போதைக்கு ரெண்டு பேரு.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவன் சிரித்தான், அவர் சிரிக்கவில்லை. “அப்போ பெரிசையும் எடுத்துட்டுப் போ. ரெண்டையும் வச்சுக் கேட்டுப் பாரு. ஒண்ணை மட்டும் நாளைக்கழிச்சு திருப்பிக் கொண்டாந்தாப் போதும்” என்றார். பெரிய பெட்டியைக் கூடத்தின் இருட்டிலிருந்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார். உதவிக்குப் போனவனைத் தடுத்தார். வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்திக்கொண்டார். பகல் மூன்று மணிக்கு, வியாபார நேரத்தில்.

அப்போது அதை அவன் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தான்.

பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தபோது சூடான தூசியின் வாசனை வந்தது. அதற்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. பால் ஊறிக் காய்ந்த துணியின் வாசனை. உள்ளே பூசிய பழைய மெழுகாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

“என்னலே, பொட்டியத் தொறந்து போட்டுப் பிரேதப் பரிசோதனை பண்ணுதியா?”

வாசலில் சிவனணைந்தபெருமாள் குடையை உதறிக்கொண்டு நின்றான். குழுவின் தபேலாக்காரன். நேற்று பெட்டிகளைக் கைவண்டியில் ஏற்றி, தென்காசியிலிருந்து கூடவே நடந்து வந்தவன். யாக்கூப் சைக்கிளில் முன்னால் வந்துவிட்டான். ஒரு மணி நேரம் பெட்டி இவனோடு தனியாக இருந்திருக்கிறது. எலக்ட்ரானிக் டிரம் மேடை ஏறினால் முதலில் இறங்கப்போவது தபேலாதான்.

“நேத்து வரும்போது இதுல கைய வச்சியா?”

“வைக்காம? சரியாமப் புடிச்சிட்டுல்லா வந்தேன்.”

“உள்ள.”

சிவனணைந்தபெருமாள் குடையைச் சுவரில் சாய்த்துவைத்தான். “ஏலே, ஒன் ரப்பர் பலகை வந்தா எனக்கு அங்கன எடமில்ல, தெரியும். அதுக்காக நான் பொட்டிக்குள்ள ஏறி உக்காந்து தட்டுதேன்னு நெனைக்கியோ?”

“பின்ன கேளு இத.”

அவன் குந்தி உட்கார்ந்து துணிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான். அவனுடைய ஆள்காட்டி விரல் தானாகவே முழங்காலில் அந்தத் தாளத்தைப் போட ஆரம்பித்தது. பிறகு நின்றது.

“எர்த்து சரியில்லையோன்னு பாத்தேன்” என்றான் யாக்கூப்.

“எர்த்துன்னா ஒரே மாதிரி இருக்கும். இது நீ பேசும்போது கொஞ்சம் வேகமாவுது.”

இருவரும் பேசாமல் இருந்தார்கள். தாளம் நிதானப்பட்டது.

“ஒண்ணு சொல்லுதேன். நேத்து நான் புடிச்சிட்டு வரும்போது இது வெதுவெதுன்னு இருந்துச்சு. வெயில்ல வச்சிருந்த பொட்டி போலன்னு நெனச்சேன்.”

“நேத்து எங்கலே வெயில் அடிச்சுது?”

“அதான். திருப்பிக் குடுத்துருலே. இன்னைக்கே குடுத்துரு.”

நீ அப்படித்தான் சொல்லுவாய் என்று யாக்கூப் நினைத்தான். தகர டப்பாச் சத்தத்தோடு நான் மேடையில் உட்கார்ந்தால் யாருக்கு லாபம்? சிவனணைந்தபெருமாள் அவன் முகத்தில் அதைப் படித்திருக்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் சாரலில் இறங்கிப் போனான்.

சாப்பாட்டுக்காக யாக்கூப் பெரிய பெட்டியை அணைத்தான். ஜாஹிரா சோற்றுக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்று, வயிற்றின் பக்கவாட்டில் கையை வைத்துச் சிரித்தாள்.

“அப்பாடா. காலையிலேருந்து மந்தமாக் கெடந்துச்சு மச்சான். இப்பத்தான் முழிச்சிருக்கு.”

எட்டாம் மாதம். போன வருஷம் ஒன்று ஆறாம் மாதத்திலேயே போய்விட்டது. அதன்பின் அவள் நாலு மாதம் பேசவேயில்லை. அவன் அடித்த டிரம்ஸை மட்டும் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த முறை ஒவ்வொரு அசைவையும் எண்ணினாள். நாளை ஜும்மாவுக்குப் பிறகு அச்சன்புதூரிலிருந்து அவள் உம்மா வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. இந்தக் குழந்தை பிழைத்தால் இவளும் பிழைப்பாள் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“சத்தம் ஒனக்குத் தொந்தரவா இருக்கா?”

“எனக்கென்ன. பெரிசுதான் நல்லாருக்கு. சின்னது சளி புடிச்ச மாதிரி இருமுதுல்லா.”

பிற்பகலில் அவன் வயர்களை மறுபடி மாட்டி, பெரிய பெட்டியை இயக்கி வாசித்தான். அப்படி அவன் என்றுமே வாசித்ததில்லை. கை யோசிப்பதற்குள் சத்தம் அங்கே போய் நின்றது. சிறு உருட்டல்கூட ஐந்தருவியில் பாறை உருள்வதுபோல் அறையை நிரப்பியது. சுவரும் தரையும் அவன் எலும்பும் ஒரே தோலாக இழுத்துக் கட்டப்பட்டு அந்த ஒரே தோலின்மேல் அவன் அடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தைக் கண்ணுக்கு முன்னால் பார்த்தான். கடைசி வரிசை திரும்புகிறது. காந்திமதிநாதன் தலையை ஆட்டுகிறார். சின்னப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்தான்.

குச்சிகளை மடியில் போட்டான்.

பெட்டி நிற்கவில்லை. இரைச்சல் இப்போது பின்னணிக்குப் போய்விட்டது. தாளம் மட்டும். முன்னைவிடக் கனமாக, முன்னைவிடக் கிட்டத்தில், ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். ஒரு நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான்; எண்பது. அவர்கள் வாசிக்கும் பாட்டு எதுவும் அந்த வேகத்தில் போகாது. ஆனாலும் அது அவனுக்குத் தெரிந்த வேகம். கையில் ஏற்கெனவே இருந்த வேகம். எங்கே பிடித்தது?

பிறகு ஞாபகம் வந்தது. போன வாரம், தென்காசி ஆஸ்பத்திரியில், நர்ஸம்மா ஜாஹிராவின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்தாள். “எப்படியிருக்கு?” என்று ஜாஹிரா மூன்றாம் தடவையாகக் கேட்டபோது, பதில் சொல்லாமல், தான் கேட்பதைப் பென்சிலால் மேஜை விளிம்பில் தட்டிக் காண்பித்தாள். டுக்டுக், டுக்டுக், டுக்டுக். திரும்பி வரும்போது பஸ் கம்பியில் யாக்கூப் வழிநெடுக அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தான்.

பெட்டியை அணைத்தான்.

“ஜாஹிரா.”

“என்ன?” படுக்கையறையிலிருந்து.

“பிள்ளை அசையுதா?”

“இவ்வளவு நேரம் இல்ல. இந்தா... இப்ப அசையுது. ஏன் மச்சான்?”

“சும்மாதான்.”

தற்செயல். சத்தத்துக்குப் பயந்து சுருண்டிருக்கும். வயிற்றுக்குள் இருப்பதற்குக் காது கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் பெட்டியை மறுபடி போட்டான். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து வைத்துக்கொண்டு. வால்வுகள் மெல்லச் சிவந்தன. வால்யூம் இல்லாமலேயே தாளம் வந்தது.

“இப்ப?”

அவள் புரண்டு படுக்கிற சத்தம் வந்தது.

“இல்ல. தூங்கிட்டுது போல.”

அணைத்தான்.

“இப்ப?”

“ம்... ஆமா. லேசா.” அவள் குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. “அங்கன என்ன பண்ணுதீய?”

அப்போதே பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டிருக்கலாம். சாரலில் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வாய்க்காலில் உருட்டியிருக்கலாம். ஆனால் மேடைத் தொழிலில் பழுது பார்க்கிற யாரும் இரண்டு தடவையோடு நிறுத்துவதில்லை. ஒரு தடவை தற்செயல். இரண்டு தடவை சந்தேகம். மூன்றாம் தடவையும் அப்படியே நடந்தால்தான் பழுது இன்ன இடத்தில் என்று அர்த்தம். பத்து வருஷமாக ஒவ்வொரு மைக்குக்கும் ஒவ்வொரு வயருக்கும் அவன் செய்து பழகியது அது. சேக் மைதீனைச் சந்தேகப்பட்டான். சிவனணைந்தபெருமாளைச் சந்தேகப்பட்டான். இப்போது தன் காதையே சந்தேகப்பட்டான். சனிக்கிழமை மேடையை ஒரு பென்சில் சத்தத்துக்காக விட்டுவிடுவதா?

கை சுவிட்சுக்குப் போனது.

ஒரே ஒரு தடவை.

வால்வுகள் இந்த முறை மெல்லச் சிவக்கவில்லை. போட்டதுமே எரிந்தன. தாளம் முழுதாக, நடு அறையில், அவன் முகத்துக்கு நேராக எழுந்தது. பால் வாசனை அறை முழுக்க. ஜன்னல் கம்பியிலிருந்த சொட்டுகள் அதிர்ந்து, எல்லாம் ஒன்றாக விழுந்தன.

உடனே அணைத்தான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. வால்வுகள் கறுத்தன.

தாளம் நிற்கவில்லை.

சுவிட்சை மேலும் கீழும் தட்டினான். நிற்கவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். மூன்று பித்தளைக் கால்கள். கையில். எதிலும் சேராமல்.

டுக்டுக். டுக்டுக்.

“மச்சான்.”

பிளக்கைத் தரையில் போட்டான்.

“மச்சான், இங்க வாங்க.”

டுக்டுக்.

“அசையல மச்சான். புரண்டு படுத்துட்டேன். தண்ணி குடிச்சிட்டேன். தட்டிப் பாத்துட்டேன். அசையவேயில்ல.”

எழுந்திருக்கப் போனான். இடது கையைப் பெட்டியின் பக்கப் பலகையில் ஊன்றினான். வெதுவெதுவென்று இருந்தது. கை பட்டது தெரிந்ததுபோல் தாளம் கொஞ்சம் நிதானப்பட்டது. பயம் தெளிந்ததுபோல். வந்து சேர்ந்துவிட்டதுபோல்.

“மச்சான்!”

பழுப்புத் துணி உள்ளிருந்து புடைத்தது. ஓர் எலுமிச்சம்பழ அகலம். சின்னக் குதிகால் அளவு. துணியின் இழைகள் விரிந்து வெளுத்தன. அது அங்கேயே ஒரு கணம் நின்று, பிறகு இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, அவசரமே இல்லாமல், நகர்ந்து போனது.